கயிற்றை விடு, ப்ளக்கைக் கழற்று!

கயிற்றை விடு தம்பி! முதலில் அந்தக் கயிற்றை விடு!

படகு தண்ணீரில் நிற்கிறது. எஞ்சின் கிளம்பவில்லை. இழுக்கிறாய், மறுபடி இழுக்கிறாய். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, உள்ளங்கை கன்றிவிட்டது. கரையில் நாலு பேர் கூடிவிட்டார்கள். கூடினால் சும்மா இருப்பார்களா? "இன்னும் வேகமா இழுடா" என்கிறார் ஒருத்தர். "காலையில சாப்பிட்டியா இல்லியா" என்கிறார் இன்னொருத்தர். உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. விடாமுயற்சி என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஒரே பாடத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூர்க்கமாக இழுக்கிறாய்.

உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? நீ இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பொறி இல்லாத இடத்தில் எண்ணெய் வந்து சேர்ந்தால் ப்ளக் நனையும். நனைந்த ப்ளக்கில் பொறி பறக்காது. ஐந்து நிமிடத்தில் சரியாகியிருக்கவேண்டிய கோளாறு, உன் வீரத்தால் ஒரு மணி நேரக் கோளாறாகிவிட்டது!

தன்னம்பிக்கை என்ற பெயரில் நம் பிள்ளைகளுக்கு மேடை போட்டு விற்கப்படுவதில் பாதி இந்தக் கயிறு இழுப்புதான். "முடியும், முடியும்" என்று கண்ணாடி முன்னால் நின்று நூறு தரம் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லிப் பார். எஞ்சினுக்குக் காது கிடையாது. எஞ்சின் நின்ற இடத்தில் கயிற்றை விட்டுவிட்டு, மூடியைத் திறந்து, "கோளாறே, நீ எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் உன்னைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்" என்று தேட ஆரம்பிக்கிறதே ஒரு கை, அந்தக் கையில் இருக்கிறது தன்னம்பிக்கை. வாயில் இருப்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இதை எழுதுவது சாந்த்ராகாச்சியில் உட்கார்ந்துகொண்டு. இந்த ஊர்ப் பெயரைச் சென்னை சென்ட்ரலில் ரயில்பெட்டியின் பலகையில் பார்த்திருப்பாய். ஹவுரா மாவட்டத்து ஜங்ஷன் இது. ஸ்டேஷனை ஒட்டியே பெரிய ஏரி. குளிர்காலத்துக்கு முன்னால் அதில் மண்டிக்கிடக்கும் ஆகாயத்தாமரையை ஒதுக்கித் திட்டுத் திட்டாக விட்டுவைப்பார்கள். சீழ்க்கைச் சிறகிகள் கூட்டங்கூட்டமாக வந்து அந்தத் திட்டுகளில் இறங்கும். பக்கத்திலேயே ரயில் தடதடத்துப் போகும், அவை கண்டுகொள்வதில்லை.

பிளாட்பாரத்தில் எந்நேரமும் தெற்கே போகிற கூட்டம். வேலூர் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு போகும் குடும்பங்கள். சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போகும் பையன்கள். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு பை, ஒரு போன், 1,600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். அவர்களைப் பார்த்து "வடக்கன்" என்று நீ சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர்களில் ஒருவன் உன் ஊர்த் துறைமுகத்திலேயே விசைப்படகின் எஞ்சின் அறைக்குள் இறங்கி ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருப்பான். கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தை அவன்மேல் காட்டாதே. அவன் யார் சோற்றையும் பறிக்கவில்லை. நீ தொடாமல் விட்ட ஸ்பேனரை அவன் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

சாந்த்ராகாச்சியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் நாஜிர்கஞ்ச் படித்துறை. எதிர்க்கரையில் மேட்டியாபுரூஜ். நடுவில் ஹூக்ளி, இங்குள்ளவர்கள் கங்கை என்றுதான் சொல்வார்கள். இந்த ஆற்றில் ஓடும் நாட்டுப்படகுகளைப் பார்க்க வேண்டும் நீ. வயலில் தண்ணீர் இறைக்கிற ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினைத் தூக்கி மரப்படகில் பூட்டி, நீளத் தண்டின் முனையில் விசிறியை மாட்டிவிடுவார்கள். புட்புட்டி என்று பெயர். வாங்குவதற்கு ஷோரூம் கிடையாது. உள்ளூர்க் கொல்லன், தச்சன், வெல்டர் மூன்று பேர் மூளையில் பிறந்த வண்டி அது.

ஒரு பெரியவர் தன் புட்புட்டியைக் கிளப்புவதை நின்று பார்த்தேன். கைப்பிடியைப் போட்டு இரண்டு சுற்று சுற்றினார். எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மூன்றாவது சுற்றுக்கு அவர் கை போகவில்லை. கைப்பிடியைக் கழற்றிப் பலகைமேல் வைத்தார். குந்தி உட்கார்ந்து, ஒரு பழைய ஸ்பேனரால் டீசல் குழாயின் நட்டை அரைச்சுற்று தளர்த்தினார். நுரை நுரையாக டீசல் கசிந்தது. "ஹாவா டுகேச்சே" என்றார் என்னைப் பார்க்காமலேயே. காற்று புகுந்துவிட்டதாம், நம் ஊர் பம்புசெட்டுக்காரர் ஏர் லாக் என்பதும் இதைத்தான். குமிழி நிற்கும்வரை அவர் அவசரப்படவில்லை. படகில் உட்கார்ந்திருந்த சவாரிகள் முணுமுணுத்தார்கள். அதையும் காதில் வாங்கவில்லை. குமிழி இல்லாமல் டீசல் சீராக வழிந்ததும் நட்டை முறுக்கினார், துணியால் துடைத்தார், டிகம்ப்ரஷன் நெம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றி, நெம்பை விட்டார். ஆறு முழுக்கச் சத்தம்!

அந்த மூன்றாவது சுற்றைச் சுற்றாமல் நிறுத்தினாரே, அதைக் கவனி. அந்த நிதானம் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காது.

டீசல் எஞ்சினில் ப்ளக்கில் பறக்கும் பொறி கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது; அதில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே அங்கே தேடவேண்டியது காற்றும் டீசலும் அழுத்தமும். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் அவுட்போர்டு எஞ்சின் வேறு ஜாதி. அங்கே பொறிதான் ராஜா. எந்த எஞ்சினில் எதைத் தேடுவது என்று தெரிந்திருப்பது பாதி வைத்தியம்.

எதிர்க்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. 1884இல் ஆற்று நீராவிப் படகுகளைப் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறையாகத் தொடங்கியது. 1960இல் அரசுடைமையானது. சுதந்திர இந்தியாவில் கட்டிய முதல் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். அஜய், 1961இல் இங்கிருந்துதான் கடற்படைக்குப் போனது. 2019இல் நூறாவது போர்க்கப்பலையும் கட்டிக்கொடுத்தார்கள். ரிப்பேர் வேலைதானே என்று உன்னை யாராவது இளக்காரமாகப் பேசினால் இந்தக் கணக்கைச் சொல்!

சரி, உன் அவுட்போர்டுக்கு வா. மண்டியிட்டு உட்கார்.

முதலில் சிவப்புச் சுருள்கயிற்றைப் பார். கில் சுவிட்ச் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா? அது கழன்றிருந்தால் நீ பொழுது சாயும்வரை இழுத்தாலும் பொறி வராது. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள், நீ தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நிற்க வேண்டும் என்பதற்காக. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? டேங்க் மூடியில் காற்றுத் திருகைத் திறந்தாயா? ரப்பர் பல்பை அமுக்கினால் கெட்டியாகிறதா? சிரிக்காதே. பெரிய மெக்கானிக்கைக் கூட்டிவந்து, அவர் வந்தவுடன் கிளிப்பை மாட்டிவிட்டுக் கூலி வாங்கிப் போன கதை ஒவ்வொரு கடற்கரையிலும் உண்டு. எளிய காரணத்தை முதலில் பார்ப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். நம் கௌரவம் பெரிய காரணத்தைத்தான் தேடும்.

இப்போது ப்ளக்கைக் கழற்று. அதன் மூக்கைப் பார்.

காய்ந்து கிடந்தால் எண்ணெய் வரவில்லை. நீ பார்க்கவேண்டியது குழாயும் ஃபில்டரும் கார்புரேட்டரும். பொறியைக் குற்றம் சொல்லாதே. நனைந்திருந்தால் எண்ணெய் வந்திருக்கிறது, பற்றவைக்கத்தான் ஆள் இல்லை. வெளிர்பழுப்பு நிறம் என்றால் எஞ்சின் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கரி அப்பியிருந்தால் ஆயில் கூடிவிட்டது, அல்லது மண்ணெண்ணெய் சரியாக எரியவில்லை. வெளுத்துப் பொரிந்திருந்தால் அளவுக்கு மேல் சூடேறியிருக்கிறது. விரல்நீளத்துக்கு ஒரு சாமான். எஞ்சினின் முழு ஜாதகமும் அதில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவனுக்கு அது வெறும் இரும்பு.

துடை. பித்தளைப் பிரஷ்ஷால் கரியைச் சுரண்டு. முனைகளின் இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சரியான அளவை உன் எஞ்சின் புத்தகத்தில் பார்த்துக்கொள். பெட்ரோல் வாடை அடங்கட்டும். பிறகு ப்ளக்கை அதன் கேப்பில் செருகி, உலோக உடலை எஞ்சின் பிளாக்கில் அழுத்தி எர்த் கொடுத்து, ப்ளக் துவாரத்தை விட்டுத் தள்ளி வைத்துக் கயிற்றை இழு. நிழலில் வைத்துப் பார். வெறுங்கையால் பிடிக்காதே; அங்கே பாய்வது பல ஆயிரம் வோல்ட். எர்த் கொடுக்காமலும் இழுக்காதே, பொறிக்குக் கரண்ட் அனுப்பும் சி.டி.ஐ. பெட்டி போய்விடும். நீலமாக, "டிக்" என்று வெடித்தால் கரண்ட் இருக்கிறது. மஞ்சளாகச் சோம்பினால் பலவீனம். ஒன்றுமே இல்லையென்றால், வேட்டை ஆரம்பம்!

நிறுத்தும் சுவிட்சிலிருந்து வரும் ஒயரைச் சி.டி.ஐ. பெட்டியிலிருந்து பிரித்துவிட்டு மறுபடி பார். பொறி வந்துவிட்டதா? எஞ்சினில் கோளாறே இல்லை, சுவிட்ச் உப்பில் அரித்துப்போயிருக்கிறது. வரவில்லையா? ப்ளக் கேப்பைப் பார், விரிசல் இருக்கும். இருட்டில் பார்த்தால் அந்த விரிசல் வழியாகக் கரண்ட் கசிந்து எஞ்சின் உடம்பில் நீலமாக ஊர்வது கண்ணுக்கே தெரியும். ஒயர் முனைகளைப் பிரித்துப் பார், பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். கடற்காற்றுக்கு அதுதான் வேலை. எர்த் நட்டைச் சுரண்டி முறுக்கு. அதற்கும் அசையாவிட்டால் மல்டிமீட்டரை எடு. காயில், சார்ஜ் காயில், பல்சர் காயில் என்று ஒவ்வொன்றின் ஓமையும் புத்தகத்தோடு ஒப்பிடு. பழைய மாடலாக இருந்தால் பாயின்டும் கன்டென்சரும் பார். கயிற்றை இழுக்கும்போது எஞ்சின் உன் கையைத் திருப்பி வெடுக்கென்று இழுக்கிறதா? ஃப்ளைவீல் சாவி வெட்டுப்பட்டிருக்கலாம். பொறி வருகிறது, நேரம் தவறி வருகிறது.

நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு ப்ளக் வினாடிக்கு 80 தடவைக்கு மேல் பொறி விட வேண்டும். இவ்வளவு வேகமான வேலை, ஒரு பச்சைக் களிம்புப் பொட்டில் நின்றுபோகிறது. அதைக் கண்டுபிடித்தவனுக்கு அன்றைக்கு வருகிற தெம்பு இருக்கிறதே, அது அவன் ஆயுசுக்கும் இறங்காது.

வேலை கிடைக்கவில்லை என்று மூலையில் முடங்கிக் கிடக்கிறாயே, உன் ப்ளக்கை என்றைக்காவது கழற்றிப் பார்த்தாயா? நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டும் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை என்றால் அது காய்ந்த ப்ளக்; நீ போட்டது போய்ச் சேரவே இல்லை, விண்ணப்பத்தை மாற்று, போடுகிற இடத்தை மாற்று. கூப்பிடுகிறார்கள், நேர்முகத்தில் உதிர்ந்துவிடுகிறாய் என்றால் அது நனைந்த ப்ளக். பேச்சில் பொறி இல்லை, பாடத்தில் பொறி இல்லை. இரண்டும் இரண்டு நோய். நீயோ இரண்டுக்கும் ஒரே மருந்தாக "விதி" என்கிறாய். நாற்பத்தோராவது விண்ணப்பத்தையும் அதே எழுத்துப்பிழையோடு அனுப்பிவிட்டு, முயற்சி செய்தேன் என்று அம்மாவிடம் சொல்கிறாய். வெட்கமாக இல்லை?

ஸ்பேர் கிடைக்கவில்லை, கடை தூரம், கையில் காசில்லை என்கிறாயா? யாழ்ப்பாணத்தைக் கேள். இலங்கைப் போர்க்காலத்தில், 1990இலிருந்து அங்கே பொருளாதாரத் தடை இருந்தது. பெட்ரோல் உள்ளே வராது. பாட்டரி வராது. மின்சாரம் இல்லை. மோட்டார் சைக்கிள்களை மூலையில் சாய்த்துவைத்துவிட்டு அழுதுகொண்டா இருந்தார்கள்? மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் வைத்திருந்த பெட்ரோலைச் சில துளிகள் மட்டும் கார்புரேட்டருக்குக் கொடுத்துக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். பழைய மொரிஸ் கார்கள் புகை கக்கிக்கொண்டு அதில்தான் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் சிறு திரியைப் போட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்!

கடலுக்கும் அதே கதை. தரைவழிகள் அடைபட்ட அந்த வருடங்களில் சனங்கள் கிளாலிக் கடல்நீரேரியைத்தான் இரவில் படகில் கடந்தார்கள். எஞ்சின் பூட்டிய ஒரு படகு, அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கப்படும் படகுகள், அவற்றில் நோயாளிகள், கைக்குழந்தைகள், மாணவர்கள். விளக்கு கூடாது. இலங்கைக் கடற்படையின் சூட்டில் அந்த நீரில் செத்தவர்கள் உண்டு. நடு நீரேரியில் எஞ்சின் நின்றால் அந்த ஓட்டிக்கு யாரைக் கூப்பிட முடியும்? டார்ச் அடிக்க முடியுமா? விரல்நுனிதான் அவன் கண். ப்ளக் எங்கே, கேப் எங்கே, நனைந்ததா காய்ந்ததா, இருட்டில் தடவித்தான் அறிய வேண்டும். பின்னால் படகு நிறைய உயிர் காத்திருக்கும்போது "எனக்கு ராசியில்லை" என்று சொல்ல அவனுக்கு நேரமில்லை.

அந்த நெருக்கடியைப் புகழ்ந்து பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது யாருக்கும் வரக்கூடாது. அதற்குள் கிடந்த மனிதர்களிடம் உன்னிடம் இருப்பதில் நூறில் ஒரு பங்கு சாமான்கூட இல்லை. உன் கையில் போன் இருக்கிறது, தெருமுனையில் கடை இருக்கிறது, பக்கத்து ஊரில் மெக்கானிக் இருக்கிறார். இருந்தும் நீ தொடவில்லை. சாமான் பற்றாக்குறை என்ற பேச்சை இத்தோடு விடு.

நம் கரையிலும் பார்த்தோமே. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் எஞ்சின்கள் மணலிலும் உப்புநீரிலும் புதைந்து கிடந்தன. எஞ்சினுக்கு உப்புநீர் விஷம். நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்தை விரட்டி, ஆயில் விட்டு உடனே ஓடவைக்காவிட்டால் துரு தின்றுவிடும். அந்தக் கரை அப்போது பிணம் எடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சினைப் பற்றி யார் நினைத்தார்கள்? அதற்கப்புறம், சிஃப்ஸ் என்று மீனவர்கள் அறிந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பழுதுபார்க்கும் வேலையில் இறங்கியது. எஞ்சின்களைப் பிரித்துப்போட்டுக் கழுவினார்கள். மீனவர்கள் மறுபடி கடலுக்குப் போனார்கள், பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் போனார்கள்.

அடுத்த சாக்கு என்ன? "நான் பி.ஏ. படிச்சேன், எனக்கு மெஷின் தெரியாது." புட்புட்டிக்காரப் பெரியவரின் சட்டைப்பையில் எந்தப் பட்டமும் இல்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்பேனர்?" தங்கச்சி, அப்படிக் கேட்பவரிடம் ப்ளக் இடைவெளி எவ்வளவு என்று திருப்பிக் கேள், பத்தில் எட்டுப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மல்டிமீட்டர் முள் ஆண் கை, பெண் கை பார்த்து ஆடுவதில்லை. "கழற்றினால் மாட்டத் தெரியாதே!" கழற்றும்போது வரிசையாக ஒரு துணிமேல் வை, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடு. எடுத்த வரிசையைத் திருப்பினால் மாட்டும் வரிசை.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கரைக்கு வரும்போது கடைசிச் சில நிமிடங்கள் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டு நிறுத்து. மறுநாள் விடியலில் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கும், எஞ்சின் மறுபேச்சில்லாமல் கிளம்பும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசு. ஒயர் முனைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவு. கடலில் தவிப்பவர்களில் பலர் முந்தின நாள் சாயங்காலமே கோட்டை விட்டவர்கள்.

இனிமேல் பேச்சு போதும். ஒரு ப்ளக் ஸ்பேனர், இரண்டு ஸ்பேர் ப்ளக், ஒரு பித்தளைப் பிரஷ், கொஞ்சம் உப்புத்தாள், சின்ன மல்டிமீட்டர் ஒன்று. தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுப் படகில் வை. படகு இல்லாவிட்டால் வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஸ்கூட்டரில் ஆரம்பி. அதிலும் ப்ளக் உண்டு. முறையாகக் கற்க வேண்டுமா? மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை சென்னை ராயபுரத்தில் இருக்கிறது. சிஃப்நெட் என்றால் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். கப்பல் எஞ்சின் ஃபிட்டர் படிப்பு அங்கே உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வயது வரம்பு இருக்கிறது, அதனால் தள்ளிப்போடாதே. இந்த வாரமே நேரில் போய், விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று கேள்.